அண்ணனும் இல்லை, புருஷனும் இல்லை

எழுபதைத் தாண்டிய இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே மாலையைப் போட்டார்கள். பாதி என் கழுத்தில், பாதி என்னோடு நடித்த கன்னியப்பன் கழுத்தில். பெரிய ரோஜா மாலை. ஈரம் சொட்டியது, கனம் வேறு. போட்டவர்கள் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பிள்ளைகள். ஷிப்டு முடிந்த பிறகு நாடகம் ஒத்திகை பார்க்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். எங்கள் பழைய நாடகத்தைத் தேடிப் பிடித்து மறுபடியும் மேடை ஏற்றப் போகிறார்களாம். அதற்காக எங்களைக் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். மாலையைப் போட்டுவிட்டு, "ஜோடியா நில்லுங்க, போட்டோ எடுத்துக்கலாம்" என்றார்கள். என் புருஷன் முதல் வரிசையில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார். கன்னியப்பனின் பெண்டாட்டி ராணி அவருக்குப் பக்கத்து நாற்காலியில்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய அதிசயம். ஏன் திறக்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டார்கள். நாடகத்தில் வருகிற மாரிக்கும் காசிக்கும் நடுவில் ஒரு டூயட் வைக்கலாமா? ஐம்பது வருஷமாக இதே கேள்வி. ஆகவே எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. வந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் முனியம்மாள். நோட்டீசில் மல்லிகா என்று போடுவார்கள். திருவள்ளூரில் நடேச வாத்தியாரின் நாடக செட்டில் நான் ஸ்திரீபார்ட். வந்ததில் பெரிய கதை ஒன்றும் இல்லை. என் அம்மா செட்டுக்குச் சோறு ஆக்கினாள். அடுப்புப் பக்கம் உட்கார்ந்தே எல்லாப் பாட்டும் எனக்குப் பாடமாகிவிட்டது. பெண் வேஷம் கட்டுகிற ஆளுக்கு ஒருநாள் அம்மை போட்டது. வாத்தியார் அடுப்பங்கரைக்கு வந்து "எந்திரி" என்றார். எழுந்தேன். அறுபதுகளின் நடுவில் எழுந்தவள், எழுபதுகளின் கடைசியில்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

வாத்தியார் யாரையும் திட்டமாட்டார், அடிக்கமாட்டார். அதைவிட மோசமாக ஒன்று செய்வார். நாம் செய்த தப்பை நமக்கு முன்னால் அப்படியே நடித்துக் காட்டுவார். வசனத்தின் கடைசி வார்த்தையை விழுங்குவது என் பழக்கம். ஒருநாள் ஒத்திகையை நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முந்தானை மாதிரி போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, கண்ணைச் சிமிட்டி, என் வசனத்தைப் பேசி, கடைசி வார்த்தையை விழுங்கினார். நான் பார்த்தது என்னையே. அப்படி ஓர் அசிங்கத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. நடித்து முடித்ததும் நிஜமாகவே தெரியாதவர் போலக் கேட்பார்: "இதான பண்ண? எனுக்கு சரியா வந்திச்சா?" அதற்குப் பிறகு நான் எதையும் விழுங்கியதில்லை. மேடையிலும் சரி, வெளியிலும் சரி.

அவர் எழுதிய நாடகம்தான் 'கால்வாய்ப் படகு'. பொன்னேரிப் பக்கம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிக்கொண்டு பட்டணம் போகிற ஒரு படகு. மாரி என்று ஒருவன், காசி என்று ஒருத்தி. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து அதை வாங்கி ஓட்டுகிறார்கள். உப்பு வியாபாரி ஒருவனுக்கு அந்தப் படகின் மேல் கண். இரண்டு பேருக்கும் தொடர்பு என்று கதை கட்டி, பஞ்சாயத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறான். இவன் உனக்கு யார் என்று காசியைக் கேட்கிறார்கள். காசி சொல்வாள்: "அண்ணனும் இல்ல, புருஷனும் இல்ல. கூட்டாளி. நான் முன்னால நிப்பேன், அவன் பின்னால கோலு ஊணுவான். படகு போவும். அவ்ளோதான்." கடைசியில் படகு அவர்களுக்கே கிடைக்கிறது. ஏறிப் போகிறார்கள். திரை. கல்யாணம் கிடையாது.

மாரியாகக் கன்னியப்பன். காசியாக நான்.

அந்தப் படகைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மூங்கிலைப் பிளந்து வளைத்துக் கட்டி, துணி போர்த்தி, கறுப்புச் சாயம் பூசியது. ஆள் நீளத்துக்கு இரண்டு பங்கு இருக்கும். அடிப்பக்கம் கிடையாது. முன்னால் நான் உள்ளே நிற்பேன், பின்னால் கன்னியப்பன் நிற்பான். படகு எங்கள் தோளில் கயிற்றில் தொங்கும். கயிற்றை முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். இன்னொருத்தர் வந்து அவிழ்த்தால்தான் வெளியே வரலாம். எங்கள் கால் தெரியாமல் இருக்க, முன்னால் இரண்டு பேர் நீலத் துணி ஒன்றைப் பிடித்து அலை மாதிரி ஆட்டிக்கொண்டே கூட வருவார்கள். அதுதான் கால்வாய்.

பார்க்கச் சுலபம். நடந்து பார்த்தால் தெரியும். முட்டியை மடக்கி, குதிகாலைத் தூக்காமல், பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்த்த வேண்டும். என் இடது கால் போகும்போது அவன் இடது காலும் போக வேண்டும். அரை விரல் பிசகினாலும் படகு நொண்டும். நொண்டுகிற படகைப் பார்த்தால் ஜனம் சிரித்துவிடும், நாடகம் போச்சு. முன்னால் நிற்கிற எனக்குப் பின்னால் நிற்கிறவன் தெரியமாட்டான். அவன் மூங்கிலில் கட்டைவிரலால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் நில். வாத்தியார் படகின் மூக்கில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்து, கொசத்தலையாற்று மணலில் தினமும் காலையில் எங்களை நடக்க விடுவார். ஒரு சொட்டுச் சிந்தினால் முதலில் இருந்து. மழைக்காலம் தொடங்கி மாங்காய் காய்க்கிற வரைக்கும் நடந்தோம். அதற்குப் பிறகு சிந்தவில்லை.

அப்படி நடந்ததுதான் எங்களுக்கு வினை. இரண்டு பேர் இவ்வளவு ஒற்றுமையாக நடந்தால் நம் ஜனங்களுக்குப் பொறுக்காது. உடனே மஞ்சள் கயிற்றைத் தேடுவார்கள்.

கும்மிடிப்பூண்டியில் நாடகம் முடிந்து மறுநாள் ஓட்டலில் சாப்பிடப் போனோம். பரிமாறுகிறவர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஓர் இலையைப் போட்டார்.

"இன்னொரு இலை எங்கய்யா?" என்றேன்.

"ராத்திரி பாத்தன் நைனா" என்று கன்னியப்பனைப் பார்த்துச் சொன்னார். "அழுதுட்டன். மேடைலதான் சேர உடல. இங்கியாச்சும் ஒரே எலைல துன்னுங்க."

நான் இன்னோர் இலை வாங்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் கன்னியப்பன் அந்த இலையில் இருந்த மொத்தத்தையும் தின்று முடித்துவிட்டான். "காதலுக்கோசரம் துன்னேன்" என்றான்.

எங்கள் சிநேகம் இவ்வளவுதான். சண்டை, கிண்டல், சோறு. லாரியில் அவன் குறட்டை விட்டால் மூக்கில் தண்ணீர் ஊற்றுவேன். நான் பாட்டில் சுருதி விட்டால் படகுக்குள் இருந்தே காறித் துப்புவான். என் அம்மா செத்தபோது பாடைக்கு மூங்கில் வெட்டப் போனவன் அவன். ராணிக்கு முதல் பிள்ளை பிறந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்தவள் நான். இதில் டூயட்டை எங்கே சொருகுவீர்கள்?

ஆனால் கேட்டார்கள். ஊருக்கு ஊர் கேட்டார்கள். டூயட் வேண்டாம் என்றால், சரி, அண்ணா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிடு, எங்களுக்கு மனசு ஆறிவிடும் என்றார்கள். நம் ஜனங்களிடம் இரண்டு பாய்தான் இருக்கிறது. ஒன்று அண்ணன் பாய், மற்றது புருஷன் பாய். பழகுகிற எவனையும் இரண்டில் ஒன்றில் உட்கார வைத்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். கன்னியப்பன் இரண்டிலும் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். அவன் நிற்பதைப் பார்த்து ஊருக்குக் கால் வலித்தது.

இந்த ரசிகர்களுக்கெல்லாம் ராஜா ஒருவன் இருந்தான். தணிகாசலம். பொதட்டூர்பேட்டையைத் தாண்டி ஒரு கிராமம். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே டீக்கடை வைத்திருந்தான். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. நாடகம் எங்கே போட்டாலும் கடையைச் சாத்திவிட்டுச் சைக்கிளில் வந்துவிடுவான். முதல் வரிசையில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டில் படகு நகரும்போது துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுவான். அப்புறம் மேடைக்குப் பின்னால் வந்து வாத்தியாரைப் பிடித்துக்கொள்வான்.

"வாத்தியாரே, இம்மாம் பாசம் வெச்சிக்கினு சொம்மா போறாங்களே, நெஞ்சு தாங்கல. ஒரு தாலிய கட்ட உட்டா உனுக்கு இன்னா கொறஞ்சி பூடும்?"

 வாத்தியார் தன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு தணிகாசலம் மாதிரியே தோளைக் குலுக்கி அழுது காட்டுவார். தணிகாசலத்துக்குக் கோபம் வராது. தன்னைப் போலவே ஒருத்தர் அழுகிறாரே என்று இன்னும் அதிகமாக அழுவான்.

நான் ஒருநாள் அவனிடம் நேராகவே சொன்னேன். "யோவ், அவனுக்குப் பொண்டாட்டி கீறா. பேரு ராணி. ஒரு கொழந்தயும் கீது."

"அது கன்னியப்பனுக்கும்மா" என்றான் தணிகாசலம், எனக்குப் புரியாததைப் பொறுமையாகச் சொல்கிறவன் போல. "மாரிக்கு இன்னும் ஆவலியே."



இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, எனக்குக் கல்யாணம் பேசும் வரைக்கும். மாப்பிள்ளை ஏகாம்பரம். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புப் பட்டறையில் பிட்டர். அதிகம் பேசாத ஆள். என்னை மேடையில் பார்த்துத்தான் கேட்டு வந்தார்கள். நடிக்கிறவள் வேண்டாம் என்று சொல்லாத முதல் குடும்பம் அது. எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு அவர் அம்மாவின் காதுக்கு ஊர்ப்பேச்சு போய்ச் சேர்ந்தது. ஒரே இலையில் சாப்பிட்டார்களாம், ஓட்டல்காரரே சொன்னாராம். அந்த அம்மா என்னைத் தேடி வந்து கறாராகச் சொன்னாள்:

"ரெண்டுல ஒண்ணு பண்ணு. அந்த ஆளு கூட ஆடறத உடு. இல்ல, மேடைல எல்லாரும் கேக்கற மாதிரி ஒரு வாட்டி அண்ணான்னு கூப்புடு. ஊரு வாய் மூடிக்கும். ரெண்டும் முடியாதுன்னா எம்புள்ளைக்கி வேற எடம் பாக்கறேன்."

ஒரு வார்த்தைதான். சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் பஞ்சாயத்தில் நின்று அண்ணனும் இல்லை என்று காசி சொல்லும்போது நான் ஒவ்வொரு தடவையும் நிஜமாகத்தான் சொன்னேன். அதை மாற்றினால், உப்பு வியாபாரி சொன்னது சரி, நாங்கள் பயந்துவிட்டோம் என்று ஆகும். வாத்தியாரும் வசனத்தில் கை வைக்க விடமாட்டேன் என்றார்.

கன்னியப்பன் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் ஒத்திகைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "நான் வேற செட்டுக்குப் போய்டறேன் முனிமா. உன் கல்யாணம் கெட வேணாம்" என்றான்.

"போ. போய்க்கினே இரு. பின்னால எவன் நடப்பான்? உங்கப்பனா?"

"எவன்னா பழகிப்பான்."

"அந்த ஆத்து மணல்ல நான் மறுபடியும் முட்டிய ஒடைச்சிக்கணுமா? சொம்மா கெட."

போகவில்லை. ஆனால் எனக்கு உள்ளே பயம்தான். கூட்டாளி வேண்டும், கல்யாணமும் வேண்டும். இரண்டும் கேட்கிறவளைப் பேராசைக்காரி என்றது ஊர்.

ஏகாம்பரம் தன் அம்மாவிடம், "நான் ஒரு வாட்டி முழுசா பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஒரு நாடகத்துக்கு வந்தார். வந்த இடம் தணிகாசலத்தின் ஊர். சித்திரைத் திருவிழா. அன்றைக்கு ராணியும் குழந்தையோடு வந்திருந்தாள். ஏகாம்பரம் கூட்டத்தின் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடிய விடிய அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. பிட்டர் முகம் அப்படித்தான், இரும்பு மாதிரி இருக்கும்.

பொழுது விடிந்தது. திங்கட்கிழமை காலை. கடைசிப் பாட்டு. எங்கள் முதுகில் கயிறு முடிச்சுப் போட்டு, படகோடு மேடைக்கு வந்து நின்றோம். ஆர்மோனியம் பாட்டை எடுக்கவில்லை. பார்த்தால், தணிகாசலம் மேடையில் ஏறுகிறான். கையில் தாம்பாளம். அதில் மஞ்சள், குங்குமம், இரண்டு மாலை, ஒரு தாலி. பின்னால் ஊர்ப் பெரியவர்கள், அவர்களுக்குப் பின்னால் மணியோடு பூசாரி.

விஷயம் இதுதான். போன வருஷம் இதே திருவிழாவில் நாங்கள் நாடகம் போட்டபோது அங்கே மழை இல்லை. தணிகாசலம் அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறான். மழை பெய்தால் அடுத்த வருஷம் மாரிக்கும் காசிக்கும் உன் முன்னால் கல்யாணம் செய்து வைக்கிறோம் என்று. ஊரும் சரி என்றிருக்கிறது. ஐப்பசியில் கொட்டித் தீர்த்துவிட்டது. சித்திரையிலும் ஏரியில் தண்ணீர் கிடந்தது. ஒரு நாடகத்தின் பேரால் வேண்டிக்கொண்டு, அதற்கு அம்மனும் மழை பெய்து தொலைத்தால் மனுஷன் என்ன செய்வது?

"நாடகத்துக்கு ஒரு தாலி எங்க பெட்டிலயே கீது, அத்த வேணா கட்டிக் காட்டறோம்" என்றார் வாத்தியார்.

"அது பித்தள" என்றார் பூசாரி. "இது அம்மன் காலடில வெச்சி எடுத்தது. இதான் கட்டணும்."

அம்மன் காலடியில் வைத்த தாலியை ஊர் பார்க்கக் கட்டினால், அப்புறம் அது நாடகமா? நான் கத்தினேன்: "யோவ், காசிக்குக் கட்டற தாலி என் கழுத்துலதானய்யா தொங்கும்?"

தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லதுதானம்மா" என்றான்.

பின்னால் இருந்து கன்னியப்பன் முணுமுணுத்தான். "ரெண்டு குடும்பம் நடத்த எங்கிட்ட டப்பு ஏது?"

கீழே நடந்ததை ராணி அப்புறம் சொன்னாள். பக்கத்தில் இருந்த பொம்பளைகளுக்கு அவள் யாரென்று தெரியாது. ஒருத்தி, "பாவம், எத்தினி வருசமா காத்துக்கினு கீதுங்க" என்றாளாம். ராணி, "அந்த ஆளுக்குப் பொண்டாட்டி கீதாமே" என்று கேட்டாளாம். "இருக்கட்டுமே, அவ கொஞ்சம் ஒத்திக்கினா இன்னாவாம்?" என்று பதில் வந்ததாம். ராணி நிஜமாகவே கொஞ்சம் ஒத்திப் போய் உட்கார்ந்தாளாம், வேடிக்கை நன்றாகத் தெரியட்டும் என்று. கன்னியப்பனைப் பற்றி அவளுக்கு எந்தப் பயமும் இல்லை. அவளுக்கு எங்களைத் தெரியும். ஏகாம்பரத்துக்குத்தான் தெரியாது. அவர் பக்கம் பார்த்தேன். சைக்கிள் மட்டும் மரத்தில் சாய்ந்திருந்தது. ஆளைக் காணோம். போயே விட்டார் என்று நினைத்தேன்.

மறுத்தால் அம்மன் குற்றம் என்பார்கள். அந்த ஊரில் மட்டுமல்ல, சுற்றுவட்டம் பூராவும் செட்டுக்கு நாடகம் கிடைக்காது. கட்ட விட்டால் என் கதை முடிந்தது.

வாத்தியார் எழுந்தார். நிதானமாக வெற்றிலையைத் துப்பினார். தணிகாசலத்தின் தோளில் கை போட்டு, ஊர் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கட்டலாம். எனுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பாரு, படகு நட்டாத்துல நிக்குது. கரை சேராம கல்யாணம் ஏது? ஒலகத்துல எவனாவது தண்ணி மேல தாலி கட்டிக் கீறானா?"

ஊர்ப் பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நியாயமாகத்தான் பட்டது.

"கரை எது?" என்றார் பூசாரி.

"ஏரிதான். வேற எங்க?" என்று சொல்லிவிட்டு ஆர்மோனியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு படகுப் பாட்டை எடுத்தார். அவ்வளவு இழுத்து அந்தப் பாட்டை அவர் வாசித்து நான் கேட்டதில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூங்கிலில் ஒரு தட்டு விழுந்தது. மெதுவாக. கன்னியப்பனுக்குப் புரிந்துவிட்டது. "ஏழரைக்கு ராவு காலம்" என்று கிசுகிசுத்தான். "அது வரைக்கும் கரை சேரக் கூடாது."

மேடை மண்மேடுதான். சரிவில் இறங்கினோம். கும்பலைப் பார்த்ததும் நீலத் துணி பிடிக்கிற இருவரில் ஒருவன் நழுவிவிட்டான். துணியின் ஒரு முனை தரையில் புரண்டது. எங்கள் கால் தெரிந்தது. பத்துப் பேர் சிரித்தார்கள். சிரிப்பு பரவினால் படகு படகாக இருக்காது. இரண்டு பேர் மூங்கில் கூண்டைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்துவிடும். அப்புறம் அவிழ்த்து இறக்கித் தாலியைக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை அந்த முனையை எடுத்தது. கைக்கடிகாரம் கட்டிய கை. ஏகாம்பரம்.

என்னைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தே பிடித்தார். முதலில் உதறினார், வேஷ்டி காயப் போடுகிற மாதிரி. அப்புறம் எதிர்ப்பக்கம் பிடித்தவனைப் பார்த்துப் பார்த்து அலையைப் பிடித்துக்கொண்டார். ஜனம் விலகி வழி விட்டது. நாங்கள் நடந்தோம்.

மேடையில் இருந்து ஏரிக்கரை கூப்பிடு தூரம். சும்மா நடந்தால் ஒரு பீடி பிடிக்கிற நேரம் ஆகாது. அதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். அரசமரத்தடியில் படகு சேற்றில் சிக்கியது. கன்னியப்பன் கோலை ஊன்றித் தள்ளு தள்ளு என்று தள்ளினான், ஊர் சேர்ந்து ஏலோ போட்டது. பள்ளிக்கூடத்தருகே மதகு பூட்டியிருந்தது. மதகு திறக்க ஆள் வருகிறான் என்று காத்திருந்தோம். ஏகாம்பரம் தானாகவே துணியை எங்களுக்கு எதிராக இழுத்து, எதிர்நீரோட்டம் கொண்டுவந்தார். மூன்று அடி போனால் இரண்டு அடி பின்னால் தள்ளினார். வாத்தியார் ஒரு சரணத்தை எத்தனை தடவை பாடினார் என்று தெரியாது. என் முட்டி நடுங்கியது, ஆனால் படகு நொண்டவில்லை. தணிகாசலம் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே வந்தான். அழுதுகொண்டே, "பாத்து, பாத்து, கல்லு" என்று எங்களுக்கே வழி சொன்னான்.

கரைக்குப் பத்தடி இருக்கும்போது ஏகாம்பரம் கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று முழுதும் அவர் பேசியது அப்போதுதான்.

"பூசாரி, ஏழரை தாண்டிப் போச்சி. ராவு காலம்."

பூசாரி வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். "ராவு காலத்துல எப்பிடிக் கட்றது?" என்றார்.

"ஒம்பதுக்கு மேல கட்டலாமே" என்றான் தணிகாசலம்.

"படகு ஒம்பது வரைக்கும் நிக்காதுய்யா" என்றார் வாத்தியார். "சரக்கு கீது. பட்டணம் போவணும்."

பூசாரி தலையை ஆட்டினார். மாரியும் காசியும் சரக்குப் படகுக்காரர்கள் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அம்மனுக்கு நேர்ந்த தாலியைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது என்றார் பூசாரி. அப்படியானால் யார் கட்டுவது? ஒரு கிழவர் சொன்னார்: "வேண்டிக்கினவன் கட்டட்டும்." ஊர் மொத்தமும் தணிகாசலத்தைத் திரும்பிப் பார்த்தது. அந்த மாதக் கடைசியில் அவன் மாமன் மகளுக்கு அதைக் கட்டினான். நாங்கள் செட்டோடு போய்ச் சாப்பிட்டு வந்தோம். கன்னியப்பனுக்கும் எனக்கும் தனித்தனி இலைதான். கல்யாணம் தேவைப்பட்டது மாரிக்கு இல்லை என்று அப்போதாவது தணிகாசலத்துக்குப் புரிந்ததோ இல்லையோ. அதற்குப் பிறகு எந்த நாடகத்திலும் அவன் அழவில்லை. வீட்டில் நேரம் இல்லை போலிருக்கிறது.

ஏரிக்கரையில் ராணி வந்து எங்கள் முடிச்சை அவிழ்த்தாள். தன் புருஷனை விட்டுவிட்டு முதலில் என் முடிச்சைத்தான் அவிழ்த்தாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏகாம்பரம் துணியை நான்காக மடித்து, என் பக்கத்தில் வைத்தார்.

"முட்டி வலிக்குதா?"

"வலிக்குது. உங்க அம்மாகிட்ட இன்னா சொல்லப் போறீங்க?"

"பாத்தத சொல்றேன்."

"இன்னா பாத்தீங்க?"

துணியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "படகு நல்லா போச்சி" என்றார். பிறகு கன்னியப்பனிடம் திரும்பி, "வாய்யா, நாஷ்டா துன்னலாம்" என்று அவனையும் கூப்பிட்டுக்கொண்டு போனார். அவர் அம்மாவிடம் என்ன சொன்னாரோ, அந்த அம்மா அதற்குப் பிறகு அண்ணன் பேச்சை எடுக்கவில்லை. வைகாசியில் எங்கள் கல்யாணம். பந்தலுக்கு மூங்கில் வெட்டியது கன்னியப்பன்.

இப்போது காக்களூர் மேடைக்கு வருகிறேன். ஒரே மாலையைக் கழுத்தில் போட்டு ஜோடியாக நிற்கச் சொன்னார்கள் இல்லையா, எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். எங்களுக்குப் பின்னால் இருந்த நாற்காலிக் கையில் கட்டைவிரலால் இரண்டு தட்டு விழுந்தது. நின்றுவிட்டேன். ஐம்பது வருஷப் பழக்கம், என்ன செய்வது.

அப்புறம் அந்தப் பிள்ளைகளில் ஒருவன் மைக்கை எடுத்துக்கொண்டு கீழே போனான். முதல் வரிசையில் மிக்சர் தின்றுகொண்டிருந்தவரிடம், "ஐயா, நீங்க அந்த நாடகத்துல இன்னா வேஷம்?" என்று கேட்டான்.

"நான் கால்வாய்" என்றார் என் புருஷன்.

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தார்கள். இதைப் படித்தால் புரியும்.

டூயட் வைக்கலாமா என்று கேட்டீர்கள். வைக்கக் கூடாது என்று சொல்ல நான் யார்? மூங்கில் வாங்குங்கள், படகைக் கட்டுங்கள். மூக்கில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து இரண்டு பேர் சிந்தாமல் நடந்து காட்டுங்கள். அதற்குப் பிறகும் அவர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தே ஆக வேண்டும் என்று உங்களில் எவனுக்காவது தோன்றினால், அவனுக்கு முதலில் பெண் பாருங்கள்.